ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம், நிரூபிக்க ஐந்து வருடம்

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்த பெரியப்பா என்னைப் பார்த்ததும் கேட்டார்: "இன்னும் படிச்சு முடிக்கலையா கண்ணு? எதைப் பத்தித்தான் ஆராய்ச்சி பண்றே?"

கல்விக் கொள்கையில் சமத்துவம் என்றேன். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சாதி எப்படி வேலை செய்கிறது, அரசாங்கம் போடுகிற திட்டம் யாருக்குப் போய்ச் சேருகிறது, யாருக்குச் சேராமல் நிற்கிறது என்று பார்க்கிற படிப்பு என்று மாற்றிச் சொன்னேன். "அதுக்கா அஞ்சு வருசம்? என்னைக் கேட்டிருந்தா அஞ்சு நிமிசத்துல சொல்லியிருப்பேனே!" என்றார். அதற்குள் வண்டி வந்துவிட்டது. கட்டட வேலைக்குப் போகிற கூட்டத்தோடு அவரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. இந்தத் துறையில் பாதி விஷயம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பெரியப்பாவுக்குத் தெரிந்ததைக் கோட்டையில் உட்கார்ந்திருக்கும் செயலாளர் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார், நீதிமன்றமும் எடுத்துக்கொள்ளாது. எண் எங்கே, அட்டவணை எங்கே, எப்படிக் கணக்கெடுத்தாய் என்று கேட்பார்கள். அமெரிக்காவில் இனத்தை முன்வைத்து இதே வேலையைச் செய்யும் பேராசிரியர்கள் ஒரு பெரும் கூட்டமே இருக்கிறார்கள். நம் பக்கத்தில் அதன் பெயர் சாதி. இந்த வேலை என்ன, அதைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணிலிருந்து செய்தால் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

68.54

ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தருமபுரி புது ஊர் இல்லை. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த நாள் தொட்டே 'பின்தங்கிய மாவட்டம்' என்ற பட்டமும் கூடவே வருகிறது. 1994இல் உலக வங்கி உதவியோடு மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தபோது, தமிழகத்தில் முதல் கட்டத்தில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் தருமபுரியும் இருந்தது. எடுத்துக்கொண்டதற்குக் காரணம் பெருமைப்படுகிற மாதிரி இல்லை. பெண்களின் எழுத்தறிவு நாட்டின் சராசரிக்கும் கீழே கிடந்தது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80.09 சதவீதம், கன்னியாகுமரி 91.75, கிருஷ்ணகிரி 71.46, தருமபுரி 68.54. மாநிலத்திலேயே கடைசி இடம்.

இந்த 68.54ஐ மேடையில் சொல்லாத அரசியல்வாதியும் இல்லை, முன்னுரையில் எழுதாத ஆய்வேடும் இல்லை. நானும் எழுதினேன். அப்புறம்தான் ஒரு விஷயம் உறைத்தது. எழுத்தறிவுக் கணக்கில் 7 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் சேர்த்தி. 1950களில் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பாட்டி, 70களில் ஆடு மேய்க்க அனுப்பப்பட்ட அத்தை, அன்று ஏழாம் வகுப்பில் இருந்த பேத்தி என்று மூன்று தலைமுறையும் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கியிருக்கிறார்கள். ஆக, இன்றைய பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற மதிப்பெண்ணாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. அறுபது, எழுபது வருடமாகச் சேர்ந்து வந்த பாக்கி அது.

பாக்கி யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் சராசரியை உடைக்க வேண்டும். மூன்று பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். அரூருக்கு அப்பால் சித்தேரி மலையில் ஒரு மலையாளிப் பழங்குடிச் சிறுமி. (கேரளத்து மலையாளி இல்லை, மலையை ஆள்பவர் என்று தங்கள் பெயருக்கு அவர்களே பொருள் சொல்வார்கள்.) பென்னாகரம் பக்கத்தில் ஒரு பையன், அப்பா அம்மா பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போகும்போது அவனையும் கூட்டிப் போய்விடுகிறார்கள். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் மட்டும் ஊரில் இருக்கிறது. மூன்றாவது பிள்ளை தளி பக்கம். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2016இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தொட்டது. அப்போது மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு விலக்குக் கேட்டு நீதிமன்றம் போனதை ஓசூர் பக்கத்தில் இன்னும் பேசுவார்கள்.

மூன்று பேருமே ஆண்டு அறிக்கையில் 'கற்றலில் பின்தங்கியோர்'. மூன்று பேருக்கும் ஒரே மாலை நேர வகுப்பு, ஒரே பயிற்சிப் புத்தகம். மூன்று நோய்க்கு ஒரே மாத்திரை கொடுத்துவிட்டு, ஏன் குணமாகவில்லை என்று கேட்பது போலத்தான் இது. கொள்கை ஆராய்ச்சி என்பதில் பெரும்பகுதி இந்த மூன்று பேரையும் கணக்கில் தனித்தனியாகப் பிரித்தெடுப்பதுதான்.

ஒரு சொல்லில் நிற்கிற சான்றிதழ்

பிரித்தெடுப்பது சொல்ல எளிது. எதை வைத்துப் பிரிப்பது? ஒவ்வொரு மாணவரின் விவரமும் இன்று கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் இருக்கிறது. அதில் சமூகப் பிரிவுக்கு ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதை நம்பித்தான் அட்டவணை போடுகிறோம். கட்டத்துக்குள் அது எப்படி வந்தது என்று கேட்டால்தான் கதை தொடங்கும்.

தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் சாதியினருக்கும் சாதிச் சான்றிதழ் தாலுகா அலுவலக அளவிலேயே கிடைத்துவிடும். பழங்குடியினர் என்றால் 1989இலிருந்து வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்டிஓ, கையெழுத்துப் போட வேண்டும். போலிச் சான்றிதழ்களைத் தடுக்கக் கொண்டுவந்த ஏற்பாடு. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மாவட்டத்திலேயே அதிக தூரத்தில் இருப்பவர்களை, போக்குவரத்து மிகக் குறைவாக இருப்பவர்களைத்தான் மேலே இருக்கிற அலுவலகத்துக்கு நடக்க வைத்திருக்கிறோம்.

மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் எனக்குக் காட்டினார். நீளவாக்கில் கனமான நோட்டு, ஓரமெல்லாம் கரையான் தின்றிருந்தது. நீல மை பழுப்பாகியிருந்த ஒரு வரியில் பையன் பெயர், தகப்பன் பெயர், ஊர். சாதி என்ற இடத்தில் 'கவுண்டர்' என்று ஒரே சொல். மலையாளிகள் தங்களைக் கவுண்டர் என்றும் சொல்லிக்கொள்வார்கள். அந்தக் காலத்து வாத்தியார் காதில் விழுந்ததை எழுதிவிட்டுப் போய்விட்டார். இன்று அந்தப் பையனின் பேரன் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், தாத்தாவின் ஆவணத்தைக் கொண்டு வா என்பார்கள். கொண்டுபோனால் அதில் 'கவுண்டர்' என்று இருக்கிறது. கொங்குப் பக்கத்தில் அந்தச் சொல் வேறு சாதியைக் குறிக்கும். "இந்த ஒரு வார்த்தைக்கு முன்னாடி அவரு 'மலையாளி'ன்னு நாலு எழுத்து சேர்த்திருந்தா, மூணு தலைமுறைக்கு அலைச்சல் மிச்சம் சார்" என்றார் தலைமையாசிரியர்.

பழங்குடிப் பட்டியலை எழுத்தெண்ணிப் படித்தால் இன்னும் வியப்பாக இருக்கும். மலையாளிகள் அந்தப் பட்டியலில் மாவட்டக் கணக்கில்தான் இருக்கிறார்கள். தருமபுரி, சேலம், வடஆர்க்காடு என்று பழைய மாவட்டப் பெயர்கள் வரிசையாக வரும். ஈரோட்டுப் பக்கம் பர்கூர் மலையில் இருக்கிற மலையாளிகள் அதில் இல்லை. இங்கே பழங்குடி, அங்கே இல்லை. அதே போல 'குருமன்ஸ்' என்ற பெயர் மாநிலம் முழுவதற்கும் பட்டியலில் உண்டு. 'குறும்பாஸ்' என்ற பெயர் நீலகிரி மாவட்டத்துக்கு மட்டும். கிருஷ்ணகிரியில் ஒரு குடும்பத்தின் பழைய காகிதத்தில் இந்த இரண்டில் எது எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்துப் பிள்ளையின் கல்லூரி இடம் மாறும்.

அட்டவணையில் பழங்குடி மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று ஒரு வருடம் தெரிந்தால், பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று சட்டென்று எழுதிவிடக் கூடாது. சான்றிதழ் கிடைக்காமல் வேறு கட்டத்துக்குப் போயிருக்கலாம். இந்தச் சந்தேகம் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு வராது. பதிவேட்டைப் புரட்டியவருக்கு வரும்.

பதிவேட்டைத் தாண்டி வீட்டு வாசலுக்குப் போவது வேறு கதை. அரூர் வட்டத்து மலைக் கிராமங்களில் நோட்டும் பேனாவுமாக யாராவது நுழைந்தால் முதல் கேள்வி, "நீங்க எந்த டிபார்ட்மென்ட்?" அதைச் சந்தேக புத்தி என்று எழுதிய ஆய்வாளர்களைப் படித்திருக்கிறேன். கோபம்தான் வந்தது. வாச்சாத்தி இதே பக்கத்தில்தான் இருக்கிறது. 1992 ஜூனில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று அந்த ஊருக்குள் நுழைந்து ஊர்க்காரர்களை அடித்ததும் பெண்களை வன்கொடுமை செய்ததும் நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011இல் தருமபுரி நீதிமன்றம் அவர்களில் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மீதி 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்பதற்கு அந்த ஊர்க்காரர்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லி, வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிடப் பழகுவதும் இந்தப் படிப்பில் சேர்த்திதான்.

பெரியப்பா சொல்லியிருக்க மாட்டார்

சரி, வாத்தியார்கள் சாதி பார்த்து மதிப்பெண் போடுகிறார்களா? பெரியப்பா உடனே "ஆமா" என்பார். எப்படி நிரூபிப்பது? குறைவாக வாங்கிய பிள்ளை உண்மையிலேயே குறைவாக எழுதியிருக்கலாமே?

ரெமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து இந்தியாவில் செய்து பார்த்தார்கள். 2012இல் வெளியான ஆய்வு. பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். விடைத்தாளின் முகப்பில் சாதி, வயது, ஆணா பெண்ணா என்ற விவரத்தை எழுதியவருடையதாகப் போடாமல் சீட்டுக் குலுக்குவது போல மாற்றி மாற்றிப் போட்டார்கள். அந்தத் தாள்களைத் திருத்த ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். முகப்பில் தாழ்த்தப்பட்ட சாதி என்று இருந்த தாள்களுக்கு, திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் அளவு) 0.03 முதல் 0.08 வரை குறைவாக மதிப்பெண் விழுந்தது. சின்னக் கசிவுதான். ஆனால் இருக்கிறது. பெரியப்பா சொன்னது சரி.

இனிமேல் வருவதுதான் அவர் சொல்லியிருக்க மாட்டாத பகுதி. அந்த ஆய்வில் மதிப்பெண்ணைக் குறைத்தவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களே. உயர்சாதி ஆசிரியர்களிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. முதல்முறை படித்தபோது தாளை மூடி வைத்துவிட்டேன். இதைக் காட்டி "பாத்தியா, அவங்களே அவங்களுக்கு எதிரி" என்று சொல்ல நிறைய பேர் காத்திருப்பார்கள் என்று தெரியும். ஆனால் மறைக்கவும் முடியாது. என் புரிதல் இது: நம் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று காலமெல்லாம் கேட்டு வளர்ந்த ஒருவர், ஆசிரியரான பிறகும் அந்தக் குரலைக் காதிலிருந்து எடுத்துவிடவில்லை. ஒரே ஓர் ஆய்வு இது, எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் ஆராய்ச்சி எதற்கு என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல விடை இல்லை. தெரிந்ததை உறுதி செய்தால் மட்டும் போதாது, நமக்குப் பிடிக்காததையும் அது நம் முன்னால் வைக்க வேண்டும்.

இன்னொரு சோதனை கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் செய்தது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குக் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காதபோது பட்டியல் சாதிப் பையன்களும் மற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுக்குப் போட்டார்கள். இன்னொரு குழுவில், ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு பையனின் பெயர், அப்பா பெயர், ஊர், சாதி எல்லாவற்றையும் மற்ற பிள்ளைகள் முன்னால் சத்தமாக வாசித்தார்கள். பட்டியல் சாதிப் பையன்கள் போட்டு முடித்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாக இறங்கிவிட்டது. அதே வயது, அதே புதிர், அதே பென்சில். நடுவில் ஒரு வரி வாசிக்கப்பட்டது, அவ்வளவுதான். இந்த வரியைக் கடைசியில் மறுபடி எடுக்கிறேன்.

துண்டு விழுவது வேறு, கடன் வேறு

அமெரிக்காவில் இந்தத் துறைக்கு நீண்ட வரலாறு உண்டு. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி 1940களில் பிள்ளைகள் முன் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் வைத்து எது நல்லது என்று கேட்டார்கள். கறுப்பினப் பிள்ளைகளிலேயே பலர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னபோது இந்த ஆய்வும் மேற்கோளாக இருந்தது. 1966இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் சுமார் 6 லட்சம் மாணவர்களைக் கணக்கெடுத்த அறிக்கை, பள்ளியின் வசதிகளைவிடப் பிள்ளையின் குடும்பப் பின்னணிதான் மதிப்பெண்ணை அதிகம் தீர்மானிக்கிறது என்றது. அதன் பிறகு நாற்பது வருடம் எல்லாரும் 'இடைவெளி' என்ற சொல்லைச் சுற்றியே வந்தார்கள். வெள்ளைப் பிள்ளைக்கும் கறுப்புப் பிள்ளைக்கும் இடையே இத்தனை மதிப்பெண் இடைவெளி, இந்த வருடம் இவ்வளவு குறைந்தது என்று.

2006இல் அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சிச் சங்கத்தின் தலைவராக இருந்த க்ளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் தம் உரையில் அந்தச் சொல்லையே மாற்றச் சொன்னார். இடைவெளி என்று சொல்லாதீர்கள், கடன் என்று சொல்லுங்கள் என்றார். ஒரு நாட்டின் பட்ஜெட்டில் அந்தந்த ஆண்டு விழுகிற பற்றாக்குறை வேறு, பல ஆண்டுகளாகச் சேர்ந்த மொத்தக் கடன் வேறு என்ற ஒப்பீட்டை வைத்து அவர் பேசினார். பொருளாதாரம் படிக்காதவர்களுக்கும் நம் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. மாசம் துண்டு விழுந்தால் கைமாற்று வாங்கிச் சமாளிக்கலாம். தாத்தா வாங்கிய கடனுக்கு வட்டிக்கு வட்டி ஏறிக்கொண்டே போனால், இந்த மாசம் எவ்வளவு சம்பாதித்தாலும் அசல் அசையாது. 68.54 என்ற எண்ணை நான் பாக்கி என்று சொன்னது இந்த உரையைப் படித்த பிறகு வந்த பார்வை.

ஆனால் அமெரிக்கச் சட்டையை அப்படியே நமக்கு மாட்டிவிட முடியாது. அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் படித்தவர். 1946இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அனுப்பும் மனுவின் பிரதி கேட்டார். இரண்டு துயரங்களுக்கும் உறவு உண்டு என்று அவருக்குத் தெரியும், வேறுபாடும் தெரியும். தோலின் நிறம் கண்ணுக்குத் தெரியும். சாதி அப்படித் தெரியாது, அதனால் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். தருமபுரியில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் "எந்த ஊரு தம்பி?" என்பார். ஊர் பெயரைச் சொன்னால் விடமாட்டார். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார். அந்த இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. பட்டியல் சாதியினர் குடியிருப்பைக் குறிக்கும் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்ததற்குக் காரணமும் அதுதான். நீக்கியது நல்லது. இரண்டாவது கேள்வி கேட்பவர் இனி என்ன சொல்லிக் கேட்பார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எண் இல்லாமல் போனால்

எண்ணுக்கு ஏன் இத்தனை அலட்டல் என்று கேட்பவர்களுக்கு இந்த மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர்கள் நடத்திய சாலை மறியல் வடமாவட்டங்களை ஒரு வாரம் முடக்கியது. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பிரிவு உருவாகி 20 சதவீதம் கிடைத்தது. அந்த 20க்குள் வன்னியர்களுக்கு மட்டும் 10.5 சதவீதம் என்று 2021 பிப்ரவரியில் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. ஒரே தொகுப்பில் இருக்கிற மற்ற 115 சாதிகளிடமிருந்து ஒன்றை மட்டும் பிரிப்பதற்குப் போதுமான அடிப்படை இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

10.5 சரியா தவறா என்பதில் தருமபுரியில் டீக்கடைக்கு ஒரு கட்சி. நான் பார்ப்பது வேறு. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் (எம்பிசி) தொகுப்புக்குள் எந்தச் சாதிப் பிள்ளைகள் எந்த வகுப்போடு நிற்கிறார்கள், யார் மருத்துவக் கல்லூரி வரை போகிறார்கள் என்ற அண்மைக் காலத் தரவு மேசையில் இல்லாமலேயே இரண்டு தரப்பும் வாதாடின. தமிழகத்தில் வீடு வீடாகப் போய்ச் சாதிவாரியாகக் கணக்கெடுத்தது 1980களில், அம்பாசங்கர் ஆணையம் இருந்தபோது. நாடு முழுவதற்குமான முழுச் சாதிக் கணக்கு 1931இலேயே நின்றுபோனது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் உண்டு என்று 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அரசு சொல்லியிருக்கிறது. அந்த எண்கள் வரும்போது அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதுதான் என் கவலை.

இந்தப் பாதையில் வருகிறவருக்கு

பாதை ஒன்றும் மர்மமில்லை. தருமபுரி அரசு கலைக் கல்லூரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஓர் இளங்கலை, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் முதுகலை, நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை. 2023இலிருந்து அந்த உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அது கிடைத்தால் வீட்டில் வாய் மூடுவார்கள், கிடைக்காவிட்டால் "எப்ப வேலைக்குப் போவே" என்பார்கள். டில்லியில் தேசியக் கல்வித் திட்டமிடல் நிறுவனம், மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், சென்னையில் 1971இல் மால்கம் ஆதிசேஷையா தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் என்று சில இடங்களில் நல்ல நூலகமும் நல்ல ஆசிரியர்களும் கிடைப்பார்கள். ஆய்வு முடிந்து ஊர் திரும்பினால் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர் வேலை. பெயரில்தான் கௌரவம்.

பணத்தைவிடப் பெரிய தடை தலைப்பில் வரும். 2022இல் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையின் விதிகளைத் திருத்தினார்கள். பட்டியல் சாதி, சீர்மரபினர், நிலமற்ற கூலித் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான திட்டம் அது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு இனி உதவி கிடையாது என்று அதில் சேர்த்துவிட்டார்கள். இந்தியாவைப் படிக்க வெளிநாடு எதற்கு என்பது சொன்ன காரணம். அம்பேத்கர் தம் முதல் சாதி ஆய்வுக் கட்டுரையை வாசித்தது நியூயார்க்கில், 1916இல்.

எனக்கும் ஒரு நேர்காணலில் நடந்தது. எந்த நிறுவனம் என்று வேண்டாம். தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் கனிவாகத்தான் சொன்னார்: "சாதின்னு எழுதாதீங்க தம்பி, ஏழ்மைன்னு எழுதுங்க. எல்லாத்துக்கும் அதுதானே காரணம்?" அவருக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இன்று சொல்வேன். ஒரே வருமானம், ஒரே அளவு படித்த அம்மா, ஒரே பள்ளி என்று இரண்டு பிள்ளைகளை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள் சார். அதற்குப் பிறகும் வித்தியாசம் மிஞ்சினால் அதற்கு ஏழ்மை என்று பெயர் வைக்க முடியாது. மிஞ்சாவிட்டாலும் கேள்வி முடியாது, ஒரு சாதிக்கு மட்டும் ஏன் அந்த வருமானம் இவ்வளவு தலைமுறையாக என்று அடுத்த கேள்வி வரும்.

இன்னொரு சிக்கல் மொழி. பேட்டி தமிழில், கட்டுரை ஆங்கிலத்தில், படிக்கிறவர் எங்கோ ஒரு நாட்டில். பேட்டி கொடுத்தவருக்குக் கடைசி வரை ஒன்றும் தெரியாது. அதனால் ஒருமுறை ஒரு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், அந்தப் பகுதியில் எட்டாம் வகுப்போடு பெண் பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்று நான் கண்டதைத் தமிழில் வாசித்தேன். காரணங்களில் ஒன்று, உயர்நிலைப் பள்ளி விடும் நேரத்துக்கு பஸ் இல்லை. எல்லாரும் கேட்டார்கள். ஓர் அம்மா எழுந்தார். "இது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே சார். இதை எழுதிக் குடுத்தா பஸ்ஸு வருமா?" பெரியப்பாவின் தங்கையாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பக்கங்களைத் தமிழில் மனுவாக மாற்றி, எத்தனை பிள்ளை, எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர் என்ற அட்டவணையோடு அவர்கள் கையில் கொடுத்தேன். என் ஆய்வேட்டில் அதிக கைகள் தொட்ட பக்கம் அதுதான்.

எழுந்திரிங்க

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் அவனோடு படித்த வேறு சாதி மாணவர்கள் வீட்டுக்குள் புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது, கையில் சாதிக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று பரிந்துரைகள். படித்தபோது ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் நெருடல். அந்தக் கட்டத்தை நம்பித்தானே என் வேலை?

உத்தரப் பிரதேசச் சோதனையில் சத்தமாக வாசித்த அந்த ஒரு வரியை நினைத்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அதைக் கேட்க உத்தரப் பிரதேசம் போக வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் வரும். "எஸ்சி பசங்கெல்லாம் எழுந்திரிங்க" என்பார் டீச்சர். அவர் மனதில் கெட்ட எண்ணம் துளியும் இருக்காது, பிள்ளைகளுக்குப் பணம் வாங்கிக் கொடுக்கத்தான் கூப்பிடுகிறார். எழுந்து நிற்கும் பிள்ளைகளை உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு மதிய இடைவேளையில் யார் யாரோடு சாப்பிடுகிறார்கள் என்பது மாறும்.

ஆக, கட்டம் வேண்டும். அது வகுப்பறையில் இருக்க வேண்டியதில்லை. பூட்டிய அலமாரியிலோ கடவுச்சொல் போட்ட கணினியிலோ இருந்தால் கணக்குப் போடுகிறவனுக்குப் போதும்.

கரையான் தின்ற பதிவேட்டைக் காட்டிய அந்தத் தலைமையாசிரியரிடம், இங்கே ஸ்காலர்ஷிப்புக்கு எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். எல்லா மாணவர் பெயரிலும் ஒரு பழுப்பு உறை. சிலவற்றில் விண்ணப்பப் படிவம் இருக்கும், சிலவற்றில் மதிப்பெண் விவரம் மட்டும், சிலவற்றில் பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு. வகுப்பில் எல்லாருக்கும் கொடுத்து, வீட்டில் போய்ப் பிரிக்கச் சொல்லிவிடுவாராம். உறைக்குக் காசு யார் கொடுப்பது என்று கேட்டேன். "பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்ங்க சார், ஊர்ல கேட்டா மூட்டை மூட்டையாத் தருவாங்க" என்றார்.